பாறைக்கடியில் ஒரு ஆள்

பயந்தாங்கொள்ளி என்று கல்லூரியில் எனக்குப் பட்டமே உண்டு. எழுபதுகளின் கடைசியில், ஓவியக் கல்லூரியின் கோடை விடுமுறையில், ஜவ்வாது மலைக்குப் படம் வரையப் போனதே நண்பனின் நச்சரிப்பு தாங்காமல்தான். அவன் மலையடிவாரத்து ஒடுகத்தூர்க்காரன். மலைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள், மலைத்தேனீ கொட்டி ஒரு மாடு செத்துப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கவலையெல்லாம் கரடி வருமா வராதா என்பதுதான்.

"கரடி உன்னைப் பாத்தா அதுவே பயந்து ஓடிடும், கம்முனு வாடா" என்றான் அவன்.

காய்ந்து கிடந்த சாமைக் கொல்லைகளைத் தாண்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்ற பாறைகள். அவற்றில் ஒன்று முன்பக்கம் துருத்திக்கொண்டு, இதோ விழப்போகிறேன் என்பது போல் நின்றது. அதன் அடி நிழலில் போய் உட்கார்ந்து அவன் வரையத் தொடங்கினான். எனக்கு அங்கே போகத் தைரியமில்லை. எதிரே ஒரு புளியமரத்தடியில் இருந்துகொண்டேன்.

பாறையின் உயரம் தெரிய வேண்டுமானால் அதன் பக்கத்தில் ஒரு ஆளை வரைய வேண்டும் என்பது வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம். அவனையே வரைந்தேன். சிவப்புச் சட்டை, குனிந்த தலை. தலைக்கு மேலே பாறையின் வயிற்றில் ஒரு கறுத்த கறை. மழைநீர் வழிந்த தடம் என்று நினைத்தேன். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால்தான் இருட்டும் வெளிச்சமும் பிரிந்து தெரியும், அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். பாதிக் கண்ணால் பார்த்து, பழுப்பும் நீலமும் குழைத்துப் பூசினேன். ஒத்து வரவில்லை. மறுபடி பார்த்தபோது கறை மினுங்கியது. வெயிலின் வேலை என்று எரிச்சலோடு இன்னும் கொஞ்சம் குழைத்தேன்.

பிறகு கண்ணை முழுதாகத் திறந்தேன். கறையின் மேல் ஓர் அலை ஓடி அடங்கியது. அது கறை இல்லை, தேனடை. முறத்தைவிடப் பெரிது. அதன்மேல் தேனீக்கள் அப்பிக் கிடந்தன. பஸ்ஸில் கேட்ட, செத்துப்போன மாட்டின் கதை நினைவுக்கு வந்தது.

கத்தினால் கலைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவன் ஒரு பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவினான். புகை மேலே போனால் அவன் கதை முடிந்தது. நல்லவேளை, தீப்பெட்டி என் பையில் இருந்தது.

"இன்னாடா, நெருப்புப் பொட்டி உன்கிட்டயா கீது? தூக்கிப் போடு!" என்று கத்தினான். மேலே அலை இன்னும் வேகமாக ஓடியது.

தீப்பெட்டியை உயர்த்திக் காட்டி, வா என்று கையசைத்தேன். அவன் முணுமுணுவென்று என்னைத் திட்டிக்கொண்டே இறங்கி வந்தான். பக்கத்தில் வந்ததும் தோளைப் பிடித்துத் திருப்பி, மேலே பார்க்கச் சொன்னேன். பார்த்தான். பீடி உதட்டிலிருந்து விழுந்தது.

அவனுடைய பலகையும் வண்ணப் பெட்டியும் பாறைக்கடியிலேயே கிடந்தன. எடுத்துவர இரண்டு பேருமே போகவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் படத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் அவன் இன்னும் அந்தக் கறைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி அவனை அழித்துவிட்டேன்.

கல்லூரி திறந்ததும் வாத்தியார் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "பாறை சின்னதாத் தெரியுதே. கீழே ஒரு ஆளை உட்கார வச்சிருக்கலாமே" என்றார்.

பக்கத்தில் நின்ற நண்பன், "வேணாங்க சார்" என்றான்.