நான்காவது பெயர்

அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னூறு வரிகள் உள்ள பட்டியலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகளின் கடைசியில், எந்தெந்தப் பழைய கட்டுரைகளைப் பார்த்து எழுதினோம் என்று ஒரு பட்டியல் வருமே, அதை ஒழுங்குபடுத்துவதுதான் அவருக்கு வேலை. கட்டுரைகளை வெளியிடும் ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒரு சட்டம். ஒருத்தருக்கு ஆண்டு அடைப்புக்குறிக்குள் வேண்டும். இன்னொருத்தருக்கு அடைப்புக்குறியே ஆகாது. மாமியாருக்கு ஒரு சமையல், மருமகளுக்கு ஒரு சமையல் என்பதுபோல எல்லாருக்கும் தனித்தனியாகச் செய்துகொடுக்க வேண்டும். பதினேழு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்.

அவர் பார்த்த ஜர்னல்களில் பாதிக்கு மேல் ஒரு சட்டம் பொது. ஒரு கட்டுரையை எத்தனை பேர் எழுதியிருந்தாலும் முதல் மூன்று பெயர்களை மட்டும் போட வேண்டும். மிச்சப் பேரையெல்லாம் அழித்துவிட்டு, 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் இரண்டு குட்டிச் சொற்களைச் சேர்க்க வேண்டும். அதிலும் அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை, அக்காவின் கட்டுரை வரும் வரைக்கும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் தண்ணீர் ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவப் போனவளை, கை சுத்தமாக இருக்கிறது என்று கிருமி எண்ணும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். வட்டத் தட்டுகளில் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். விளக்கின் மேல் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நகரத்துக் குழாய்த் தண்ணீர் முழுவதையும் ஒன்பது வருஷம் அவள்தான் எண்ணினாள். கட்டுரை வெளியானபோது பேராசிரியர் ஆறு பெயர்களில் நான்காவதாக அவள் பெயரைப் போட்டார். அதோடு திட்டமும் முடிந்தது, வேலையும் முடிந்தது. சர்க்கரை நோய் கண்ணைத் தின்ன ஆரம்பித்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள்.

அந்தக் கட்டுரை ஓரளவு பேர் வாங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவருடைய பட்டியலில் அவர் மேஜைக்கு வந்துவிடும். முதல் தடவை வந்தபோது சந்தோஷத்தில் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் சட்டத்தைப் பார்த்தார். அக்காவின் பெயர்மேல் கோடிழுத்து, தானே அழித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்பாள்.

"இன்னைக்கு நம்ம பேப்பர் வந்துச்சாடா?"

"வந்துச்சுக்கா. யாரோ மலைநாட்டுக்காரங்க எழுதியிருக்காங்க."

"எம் பேரு சரியா போட்டிருக்காங்களா? கடைசி எழுத்தை விட்டுடுவாங்க."

"சரியா இருக்குக்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாக அவர் மனைவிக்குத் தோன்றும். "உண்மையைச் சொல்லிடுங்களேன், உங்களுக்குத்தான் உறுத்துது" என்று சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். "அவளுக்கு வேற என்ன இருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இடது கண் போய்விட்டது, வலது கண்ணும் ஒரு மாதம் தாங்கினால் அதிகம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அக்கா அழவில்லை.

"தம்பி, எம் பேரை அடுத்தவங்க எழுதினதுல நான் பாத்ததே இல்லடா. ஒரு தடவை பிரிண்ட் எடுத்துக்கிட்டு வா. பார்வை இருக்கும்போதே பாத்துடறேன்."

சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அக்காவின் கட்டுரை ஒரு பட்டியலில் வந்தது, நாற்பத்தோராவது வரியாக. மற்ற வரிகளையெல்லாம் சட்டப்படி வெட்டினார். அந்த ஒரு வரியில் மட்டும் நான்காவது பெயரை விட்டுவைத்து அச்சிட்டார். அச்சிட்ட கையோடு திருத்திவிடத்தான் நினைத்தார். கை போகவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே சேமித்துவிட்டுக் கிளம்பினார்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, பூதக்கண்ணாடியைக் காகிதத்தின்மேல் நகர்த்தினாள். தன் வரியைக் கண்டுபிடித்தபோது உதடு அசைந்தது. விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. சட்டையை மாற்றப் போனார். திரும்பி வந்தபோதும் கண்ணாடி நகர்ந்துகொண்டேதான் இருந்தது. மேல் வரி, கீழ் வரி, அடுத்த பக்கம். ஒன்பது வருஷம் எண்ணிய கண் அது. சும்மா இருக்குமா?

"எல்லாத்துலயும் மூணு பேருதானே இருக்கு?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இதுல மட்டும் எப்படிடா நாலு?"

"அது... சில சமயம் அப்படி வரும்க்கா."

"பொய் சொல்லாதே. மூணுக்கு மேல போடக் கூடாதுன்னு சட்டமா?"

"ஆமாக்கா."

"அப்போ இத்தனை நாளும் எம் பேரை எடுத்தது யாரு?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் தரையைப் பார்த்தார். "நான்தான்க்கா" என்றார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காகிதத்தை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள். "எங்க லேப்லயும் ஒரு தட்டு தப்பா எண்ணினா மொத்த வரிசையும் தப்புன்னுதான் சொல்வாங்க. காலைல போய் முதல் வேலையா திருத்திடு."

காலையில் போனபோது அந்தக் கோப்பு அவருக்கு முன்பே திரும்பி வந்திருந்தது. தரம் பார்க்கும் அம்மாள் சீக்கிரமே வந்து, சேமித்திருந்ததை எடுத்துப் பார்த்து, நாற்பத்தோராவது வரியில் சிவப்பு அடித்து, 'உங்களிடமிருந்தா இந்தப் பிழை?' என்று எழுதியிருந்தாள். மதியம் அவர் மேஜைப் பக்கம் வந்தபோது, "என்ன புள்ளி சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பரிகாசம் இல்லை, அக்கறைதான். "ஒண்ணுமில்லை மேடம், கவனப் பிசகு" என்றார். பதினேழு வருஷத்தில் அவர் பெயருக்கு விழுந்த முதல் பிழை அது.

இருபது நாளில் அக்காவுக்கு வலது கண்ணும் போயிற்று. சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போகப் பழகிக்கொண்டாள். பேப்பர் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அவராகவும் சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் அந்தப் பேராசிரியரே எழுதிய புதுக் கட்டுரை ஒன்று வந்தது. அவர் நேராகப் பட்டியலைப் பிரித்தார். அக்காவின் கட்டுரை ஏழாவது வரியில் இருந்தது. மூன்று பெயர்கள், அப்புறம் அந்த இரண்டு குட்டிச் சொற்கள். பேராசிரியரே வெட்டி அனுப்பியிருந்தார். இவர் அழிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பக்க எண்களுக்கு நடுவே ஒரு கோடு குட்டையாக இருந்தது, அதை நீட்டினார். எட்டாவது வரிக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்க பேப்பரைச் சொல்லி இத்தனை பேர் எழுதுறாங்களே, அதுக்கப்புறம் எங்கேயாவது தண்ணி சுத்தமாச்சாமா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ ஆயிரம் கட்டுரைகள் அவர் கைவழியே போயிருந்தன. ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை.

"தெரியலக்கா. நான் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பாப்பேன்."

"சரி, போய்ச் சாப்பிடு, ஆறிடப் போகுது" என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.