பத்து நிமிஷப் படுக்கை

காந்திபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்பதுதான் என் வேலை. நிற்பது என்றால் நிற்பதேதான். வாங்க வருகிறவர்கள் உட்கார மெத்தை உண்டு, எங்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. காலையில் கடை திறந்தது முதல் ஷட்டர் இறங்கும்வரை கால்கள்தான் கதி. அதற்குப் பிறகு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்தால் வீட்டு அடுப்பு முன்னால் மறுபடியும் நிற்க வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷமோ தொண்ணூற்றாறோ, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. தினமும் கொஞ்ச நேரம் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கும் முடியாதுன்னா உடற்பயிற்சி வகுப்புக்காவது போங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் ஓய்வைப் பற்றி மூச்சே விடவில்லை. வகுப்பு என்று மட்டும் சொன்னேன். "போயிட்டு வா கண்ணு, இட்லி நான் ஊத்திப்போடறேன்" என்றார் மாமியார். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். இதே நான் படுக்கப் போகிறேன் என்றிருந்தால் ஆளுக்கொரு தடவை உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள், அப்புறம் காப்பி கேட்டிருப்பார்கள். ஏதாவது செய்யப் போகிறவளை விட்டுவிடுகிறார்கள், சும்மா இருக்கப் போகிறவளை விடுவதில்லை. இது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வகுப்பு விடிகாலையில், ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையை நீட்டி மடக்கி, இடுப்பைத் திருப்பி எல்லாம் முடித்ததும் கடைசிப் பத்து நிமிஷம் ஜமுக்காளத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். "பாதம் தளரட்டும். முழங்கால் தளரட்டும்" என்று அவர் மெல்லச் சொல்லிக்கொண்டே வருவார். முதல் நாள் முழங்கால்வரை கேட்டேன். மறுநாளிலிருந்து பாதத்தைத் தாண்டியதில்லை.

ஒரு நாள் கண் விழித்தபோது எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன் என்று திருதிருவென விழித்தேன். மேஸ்திரியோ கையைக் காட்டி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, உள்ளே என்ன தெரிஞ்சுதுங்க?"

"ஒண்ணுமே தெரியலைங்க."

"பார்த்தீங்களா? அதுதானுங்க அது" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "இது தூக்கமில்லீங்க. மனசு அடங்கின நெலை. பத்து வருசமா தியானத்துல உக்காந்தும் எனக்கே இது வரலை."

தூங்கினேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அத்தனை பேர் அப்படிப் பார்க்கும்போது, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்றும் தோன்றியது. வீட்டில் தூங்கினால் கனவு வரும், குக்கர் விசில் கேட்கும், பையனின் இருமல் கேட்கும். இங்கே எதுவும் கேட்டதில்லை. அப்படியானால் இதுதான் தூக்கமா, அல்லது அதுவா? சேலை மடிக்கும்போதெல்லாம் இதே யோசனை. ஒன்று மட்டும் நிச்சயம். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் என்னால் நாளைத் தள்ள முடியாது.

மூன்று மாதம் கழித்து மேஸ்திரி வால்பாறைக்குப் போய் மகள் வீட்டோடு இருப்பதென்று முடிவாயிற்று. "இனி நீங்கதான் சொல்லிக்குடுக்கோணுமுங்க. உங்களைவிட்டா ஆரு இருக்காங்க?" என்றார். நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எல்லோரும் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். "செரிங்க" என்றுதான் வந்தது. பஸ்ஸில் வரும்போது என்மேலேயே எனக்கு ஆத்திரம். பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

முதல் வகுப்பில் எல்லோரும் ஜமுக்காளத்தில் படுத்தார்கள். பாதம் தளரட்டும் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் சொருகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நெற்றி தளரட்டும் என்பதுவரை சொல்லி முடித்தேன். கீழே வரிசையாகப் பெண்கள், சிலருக்கு வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த ஹாலில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். என் பத்து நிமிஷத்தை நானே எடுத்து இவர்களுக்குக் கொடுத்துவிட்டேனே என்று மனசு பொருமியது. எழுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, இன்னும் நேரம் இருக்கும்போதே.

எழுப்பவில்லை. நேரம் முடிந்தது, அப்போதும் எழுப்பவில்லை.

மூலையில் படுத்திருந்த புதுப்பெண் ஒருத்தி திடுக்கிட்டு எழுந்தாள். நூல் மில்லில் வேலை பார்ப்பவள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் தூங்கிப்போட்டேனுங்களா அக்கா?"

மேஸ்திரி சொன்னதையே சொல்லியிருக்கலாம். சொன்னால் மகிழ்ந்திருப்பாள்.

"ஆமாங்க, தூங்கிப்போட்டீங்க" என்றேன். "இன்னும் நேரமிருக்கு, படுங்க."

நேரம் இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்க்கவுமில்லை, அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டேன்.