ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் சாகும் கழுதை

நல்ல படம் ஒண்ணு சொல்லுங்கன்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒரே படம்தான். குதிரை, தொப்பி, துப்பாக்கி, புழுதிக் காடுன்னு ஓடுற வெளிநாட்டுப் படம். போன்ல படம் பாக்கற ஆப்புல இருக்கு, தமிழ்லயே பேசுது. அதோட பேரு என் வாயில நுழையாது, அதனால கழுதைப் படம்னு வெச்சுக்கிட்டேன்.

கதை சின்னது. புருசன் செத்துப்போன ஒருத்திக்கு இருக்கிறதெல்லாம் ஒரு கழுதை. பக்கத்துக் காட்டுக்காரன் தண்ணித் தொட்டியில விஷத்தைக் கலந்துடறான். கழுதை செத்துடுது. அவனே ஓடியாந்து குழி வெட்டி, ஊருக்கே கேக்கற மாதிரி ஒப்பாரி வெக்கிறான். அந்த ஊர் ஜட்ஜுக்கு முடி வெட்டறதும் தொழில். பாதி முகம் சவரம் பண்ணின ஆளை அப்படியே நாற்காலியில விட்டுட்டு எந்திரிச்சுத் தீர்ப்பு சொல்லுவாரு. சாவு வர்ற எடத்துல எல்லாம் சிரிப்பு வரும், சிரிச்ச பொறவு மனசு ஒரு மாதிரி ஆயிரும். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தை நான் மொதல்ல பாக்கச் சொன்னது என் கொழுந்தனை. ஊட்டுக்காரரோட சித்தப்பா மகன், அடுத்த தோட்டம் அவருதுதான். பாசத்துல சொல்லலை. வஞ்சம் வெச்சுத்தான் சொன்னேன்.

போன கார்த்திகையில எங்க மொளகுக் கொடி பதினாலை யாரோ அடியோட அறுத்துட்டாங்க. சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்டு, ஏழு வருசம் நான் தண்ணி ஊத்தி வளத்த கொடி. அறுத்தா உடனே தெரியாது. நாலஞ்சு நாள் பச்சையாவே நிக்கும், அப்புறம் ஒரு காலையில பாத்தா கொத்துக் கொத்தா மொளகோட தொங்கிப் போயிருக்கும். அன்னைக்கு மொத ஆளா ஓடி வந்தது கொழுந்தன்தான். மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "எந்தப் பாவி கை வெச்சானோ, அவன் கை அழுகிப் போகோணும்"னு கண்ணுல தண்ணி விட்டு அழுதாரு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் வண்டிப் பாதைக்கு அவரு எங்க நெலத்துல எடம் கேட்டு, நாங்க தர மாட்டோம்னுட்டோம்.

நீங்கதான் அறுத்தீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். விஷயம் ஊர்க்கவுண்டர்கிட்டப் போச்சு. எங்க மலையில இந்த மாதிரி வழக்கு வந்தா கோயில்ல கற்பூரத்தை ஏத்தி, அதைக் கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணோணும். பண்ணிட்டா பேச்சு முடிஞ்சுது, அப்புறம் சந்தேகப்பட்டவங்கதான் மன்னிப்புக் கேக்கோணும். கொழுந்தன் கொஞ்சமும் தயங்காம அடிச்சு அணைச்சாரு. ஊர்க்கவுண்டர் என்னைப் பாத்து, "கண்ணு, வாய் தவறிச் சொல்லிப்போட்டேன்னு சொல்லிரு சாமி"ன்னாரு. நான் என் ஊட்டுக்காரரைப் பாத்தேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சாமி முன்னாடி பொய் சொல்லுவானா? கேட்டுரு"ன்னாரு.

கேட்டேன். அத்தனை சனத்துக்கு முன்னாடி, என் கொடியை அறுத்தவன்கிட்டயே மன்னிப்புக் கேட்டேன். கொழுந்தன் மேல இருந்த கோவத்தைவிட ஊட்டுக்காரர் மேல எனக்கு அதிகம். ஒரே இலையில சாப்பிட்ட மனுசன், என் பேச்சை நம்பலை. அதுக்கப்புறம் சோறு போட்டேன், பேசலை.

ஆனி மாசம் இந்தப் படத்தைப் பாத்தேன். ஒப்பாரி எடம் வந்ததும் சிரிச்சு சிரிச்சு எனக்குப் பொரை ஏறிப்போச்சு. மக்யா நாளே விடிஞ்சதும் கொழுந்தனை வழியில நிறுத்தி, "ஒரு படம் இருக்குதுங்க, பாருங்க, உங்களுக்கு ரொம்பப் புடிக்கும்"னேன். ஆப்புக் கணக்கு எங்களோடதுதான். சண்டைக்கு முன்னாடி பாஸ்வேர்டு வாங்கினாரு, இன்னும் அதுலதான் ஓசியில பாக்கறாரு. எங்க பக்கம் ஊட்டுல டவர் கெடைக்காது. பஸ் திரும்பற பாறை மேல ஏறி படத்தை எறக்கிட்டு வந்துதான் பாக்கோணும். அவரு மறுபடி பாறைக்குப் போனதும், படத்தை எங்க நிறுத்தினாருங்கறது என் போன்லயும் செவப்புக் கோடா வந்துரும். இது அவருக்குத் தெரியாது.

மூணு நாள் பாறைக்கு நடந்தேன். மூணாம் நாள் கோடு வந்துச்சு. ஐம்பத்திரண்டாவது நிமிஷம். கழுதை தொட்டியில வாய் வெச்சு, நாலு அடி நடந்து, காலை மடக்கி விழுகற எடம்.

சாயங்காலம் பலாச்சொளை எடுத்துக்கிட்டு அவரு ஊட்டுக்கே போனேன். "படம் பாத்து முடிச்சீங்களா?"

"முடிச்சேனுங்க அண்ணி. நல்ல படமுங்க."

"கழுதை என்னாச்சுங்க?"

சொளையை மென்னுக்கிட்டே, "பொழச்சுக்குச்சுங்க"ன்னாரு.

"ஆமாங்க, பொழச்சுக்குச்சு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் சிரிப்பு. ஊடு வந்ததும் அழுகை. அறுத்தது அவருதான்னு எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? கோயில்ல தலையைக் குனிஞ்ச மனுசனுக்கில்ல தெரியோணும்.

ஆடிப் பதினெட்டுக்கு நாமக்கல்லுல படிக்கற எங்க மக வந்திருந்தா, லேப்டாப்போட. அந்தப் படத்தை அவளோட சொந்தக் கணக்குல எறக்கிட்டு வரச் சொல்லியிருந்தேன். சொந்தபந்தம் எல்லாம் எங்க ஊட்டுல. மத்தியானம் சாப்பிட்டு முடிக்கவும் மழை புடிச்சுக்கிச்சு, யாரும் கெளம்ப முடியலை. "எல்லாரும் உக்காருங்க, ஒரு படம் போடறேன்"னேன். கொழுந்தனுக்கு என்ன படம்னு தெரிஞ்சதும், "நான் பாத்துட்டேனுங்க"ன்னு எந்திரிச்சாரு. அவரு பொண்டாட்டி, பாவம், ஒரு சூதும் தெரியாதவ, "மழையில எங்க போறீங்க, உக்காருங்க"ன்னு கையைப் புடிச்சு உக்கார வெச்சா.

கழுதை செத்துச்சு. பக்கத்துக் காட்டுக்காரன் மண்ணுல பொரண்டு ஒப்பாரி வெச்சான். ஊடே சிரிச்சுது. கொழுந்தன் பொண்டாட்டி கண்ணுல தண்ணி வர சிரிச்சுக்கிட்டு என் தோளைத் தட்டி, "அக்கா, அன்னைக்கு உங்க மொளகுக் கொடியைக் கட்டிப் புடிச்சு எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தானுங்க அழுதாரு"ன்னா.

சிரிப்பு நின்னுபோச்சு. அவளுக்கும் அப்பத்தான் தான் சொன்னது காதுல விழுந்துச்சு. தோள்ல இருந்த கையை எடுத்துக்கிட்டு புருசனைத் திரும்பிப் பாத்தா. அவரு ஆட்டைப் புடிச்சுக் கட்டோணும்னு சொல்லிட்டு மழையில எறங்கிப் போயிட்டாரு. அவங்க ஊட்டுல ஆடே இல்லை.

மக படத்தை நிறுத்திட்டா. என் ஊட்டுக்காரரு என்கிட்ட, எட்டு மாசத்துக்கு அப்புறம், "நான் உன்னை மன்னிப்புக் கேக்க வெச்சிருக்கக் கூடாது"ன்னாரு. மக பக்கம் திரும்பி, "மிச்சத்தைப் போடு சாமி"ன்னாரு.

கொழுந்தன் இன்னும் மன்னிப்புக் கேக்கலை. எனக்கு அவரு மேல எரக்கமும் வரலை. பாஸ்வேர்டை மாத்திரலாம்னு மக சொன்னா, வேண்டாம்னுட்டேன். அவரு எப்ப ஆப்பைத் தொறந்தாலும் மொதல்ல அந்தப் படம்தான் வந்து நிக்கும், ஐம்பத்திரண்டாவது நிமிஷத்துல, விட்ட எடத்துல இருந்து பாக்கறீங்களான்னு கேட்டுக்கிட்டு.