மெஹபூப் பாஷா அறுத்த விமானம்

என் தம்பி உமர் ஃபாரூக்குக்கு இப்போது மீனம்பாக்கத்தில் வேலை. நிஜ விமானத்தின் இறக்கையைத் துடைத்து, திருகாணி இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் காகித விமானத்தில்தான் தொடங்க வேண்டும். மெஹபூப் பாஷாவையும் விட முடியாது. விடவும் மாட்டேன்.

யுத்த காலம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. சாந்தோம் கடற்கரைப் பக்கமிருந்து விமானங்கள் தாழப் பறந்து வரும். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். உமர் மாடிக்கு ஓடுவான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. இறக்கை எங்கே அகலம், எங்கே குறுகுகிறது என்று பார்த்து வந்து, கரித்துண்டால் தரையில் வரைவான். பிறகு மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவி, காகிதம் ஒட்டி, அதே மாதிரி செய்துவிடுவான்.

வீட்டில் ஒருவரும் தடுக்கவில்லை. அத்தா தையல்காரர். காகிதமே கிடைக்காத நாளில், கடைக்குத் துணி சுற்றி வரும் மெல்லிய தாளைக் கசங்காமல் மடித்துச் சட்டைக்குள் வைத்து எடுத்து வருவார். அம்மா கஞ்சியைச் சுண்டவைத்துப் பசை காய்ச்சுவாள். நறுக்குவது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் என் கத்தரிக்கோல் கோட்டைவிட்டு விலகாது.

அவன் செய்ததிலேயே பெரியது, இரண்டு கையையும் விரித்த அகலம். உயரத்திலிருந்து விட்டால்தான் அது பறக்கும் என்றான். அதற்கு வழியும் அவனே கண்டுபிடித்தான். காத்தாடிக்குக் கீழே விமானத்தைச் சின்ன நூல்வளையத்தில் தொங்கவிட்டு, அந்த வளையத்தில் எரியும் ஊதுபத்தித் துண்டு ஒன்றைச் சொருகினான். காத்தாடி மேலே போய்ச் சேர்வதற்கும் பத்தி எரிந்து வளையம் கருகுவதற்கும் சரியாக இருக்கும். விமானம் தனியே கிளம்பிவிடும்.

அன்று நல்ல காற்று. அத்தாகூடக் கடையை விட்டுவிட்டு மாடிக்கு வந்திருந்தார். காத்தாடி பாதி உயரம் ஏறியிருக்கும். சந்துக் கோடியில் விறகு விற்கிற விறகுத்தொட்டிக்காரர் வீட்டு மாடியிலிருந்து ஒரு கறுப்புக் காத்தாடி குறுக்கே வந்தது. விட்டவன் அந்த வீட்டு மகன் மெஹபூப் பாஷா. இருபது வயது ஆள். நூலில் கண்ணாடிப்பொடி பூசி மாஞ்சா போட்டு, அடுத்தவன் காத்தாடியை அறுப்பதைத் தவிர வேறு தொழில் கிடையாது.

“பாஷாண்ணே, டீல் போடாதீங்க! ஏரோப்ளேன் கீது!” என்று உமர் கத்தினான்.

“ஆகாசத்துல வந்தா எல்லாம் காத்தாடிதான் நைனா!”

ஒரே இழுப்பு. உமரின் நூல் அறுந்தது. காத்தாடியும் விமானமும் பாஷாவின் மாடிப் பக்கமே சரிந்தன. அவன் கூட்டாளிகள் எட்டிப் பிடித்தார்கள். அறுந்தது பிடித்தவனுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனாலும் உமர் போய்க் கேட்டான்.

“அறுந்தத திருப்பிக் குடுத்தா என் மானம் இன்னா ஆவறது? போய் உங்கத்தா தைக்கிற சட்டைக்குக் காஜா எடுத்துக்கினு குந்து, போ.”

சொன்னதோடு விடவில்லை. விமானத்தை விறகுத்தொட்டி வாசலில் தலைகீழாகத் தொங்கவிட்டான், போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்க்க.

உமர் சீவுகத்தியைப் பரண்மேல் வைத்துவிட்டான். “புதுசா ஒண்ணு செய்யேன்டா” என்றேன். “செஞ்சா அதையும் அறுப்பான்” என்றான். தலைக்கு மேல் விமானம் போனபோதுகூட அவன் எழுந்திருக்கவில்லை. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பதினேழு வயது. தெருவுக்குப் போகக்கூடாது, மாடிக்குப் போகலாம். உமருக்குக் காத்தாடி விடக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். மாஞ்சாவுக்கு உடைந்த பல்பை அம்மியில் பொடித்து, மல்துணியில் மூன்று தடவை சலித்தேன். அத்தா நான் கேட்காமலே புது நூல்கண்டு ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். காயப்போட்ட புடவைக்குப் பின்னால் நின்று காத்தாடியை ஏற்றினேன்.

பாஷா வெடுக்கென்று இழுத்து அறுக்கிறவன். அவன் இழுக்கும்போது நான் நூலை விட்டுக்கொண்டே இருந்தேன். அவன் நூல்தான் அறுந்தது. மறுநாளும் அறுத்தேன். அதற்கடுத்த நாளும். சந்துப் பிள்ளைகள் எல்லார் கையிலும் அவன் கறுப்புக் காத்தாடி.

கடைசியில் அத்தாவைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்தான். “ரஹ்மான் பாய், உங்க புள்ளைய அடக்கி வைங்க. ஒரு காத்தாடி மேல போவ வுடமாட்றான்.”

“எம்புள்ளயா? அவன் தோ, காஜா எடுத்துக்கினு கீறானே.”

பாஷா உமரைப் பார்த்தான். பிறகு மாடியில் ஆடிய புடவையைப் பார்த்தான். “பொட்டப்புள்ளயா?” என்றான்.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: “ஆகாசத்துல வந்தா ஆம்பள இன்னா, பொம்பள இன்னா? ஏரோப்ளேன எடுத்தாந்து குடுப்பா.”

கொண்டுவந்து கொடுத்தான். ஓர் இறக்கை கிழிந்திருந்தது. உமர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பரணிலிருந்து கத்தியை எடுத்தான்.

“போதும்க்கா. குடுத்துட்டாரு இல்ல” என்றான்.

“உனக்குப் போதும்” என்றேன்.

இறக்கை ஒட்டிக் காய்ந்ததும் விமானம் மறுபடி ஏறியது. பத்தி எரிந்து வளையம் கருகியது. விமானம் விடுபட்டு, ஒரு முறை தலையைக் கவிழ்த்து நிமிர்ந்து, தென்னை மரங்களுக்கு மேலே கடல் பக்கமாக மிதந்து போனது. அத்தா சிறுபிள்ளை மாதிரிக் கை தட்டினார். தன் மாடியில் பாஷாவும் விசிலடித்தான். அவன் காத்தாடி மேலே இருந்தது. விமானத்தைப் பார்க்கிற சந்தோஷத்தில் நூலைத் தளர விட்டிருந்தான்.

என் காத்தாடியும் மேலே இருந்தது. போய் அறுத்தேன்.

உமர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவன் பத்தியைக் கொளுத்தும்போதெல்லாம் பாஷாவின் மாடியைப் பயந்து பார்ப்பான். அந்தப் பார்வை அன்றோடு நின்றது. எனக்கு அது போதும்.

போன வருஷம் உமருக்கு வேலை கிடைத்ததும் ஃபாத்திஹா ஓதிச் சோறு போட்டோம். பாஷாவையும் கூப்பிட்டிருந்தான். தட்டுகளை உள்ளேயிருந்து நிரப்பி அனுப்பியது நான். பாஷாவின் தட்டில் சோறு குவித்து வைத்தேன். கறி ஒரு துண்டுகூட வைக்கவில்லை.

“இன்னா உமரு, ஆடு சோத்து மேல அப்பிடியே நடந்து பூட்ச்சா?” என்று அவன் கேட்டது உள்ளே வரை கேட்டது. உமர் தன் தட்டிலிருந்த கறியை அவனுக்குப் போட்டானாம்.

மறுசோற்றுக்கு உமரின் தட்டு வந்தது. அதிலும் நான் கறி வைக்கவில்லை.