மறுபக்கத்துக் கை

நம்புகிறவர்கள் நம்பட்டும். என் கையால் தொட்டதை மட்டும் எழுதுகிறேன்.

1935, ஏப்ரல். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் விமானம் கட்டும் தொழிற்கூடம் ஒன்றில் நானும் என் கணவர் எமிலும் இறக்கைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தோம்.

மரச்சட்டத்தின் இருபுறமும் துணியைப் போர்த்தி, இறக்கையைச் சுவர்போல நிமிர்த்தி வைப்பார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒன்றரைச் சாண் நீள ஊசியை நான் குத்தி அனுப்புவேன். அவர் இழுத்து, திருப்பி அனுப்புவார். அதற்குமுன் நூலை இரண்டு முறை சுண்டுவார், என் விரலில் குத்திவிடாமலிருக்க. ஏழு வருடம் இப்படித்தான். என் ஊசியின் காதருகே நீலச் சாயம் தொட்டு வைத்திருந்தேன்.

புது விமானம் முதலில் பறக்கும்போது, அதைத் தைத்தவர்களில் ஒருவர் உடன் ஏற வேண்டும். அது முதலாளியின் வழக்கம். அன்று என் முறை. எனக்குக் காது வலி. எனக்குப் பதிலாக ஏற, எமில் என் தோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நாலு மணிக்கு வந்துடுவேன். அதுக்குள்ள தனியா தைக்காத. உன் தையல் குடிகாரன் நடந்த மாதிரி போகும்.”

“மொதல்ல நீங்க நேரா வந்து எறங்குங்க,” என்றேன்.

மூன்று மணிக்கு மேற்கே கறுப்பாகப் புழுதி எழுந்தது. 3:40க்குப் பட்டப்பகல் இருண்டுவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். விமானம் வரவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பாதியில் நின்ற இறக்கையின்முன் விளக்கைப் போட்டேன். ஊசியைக் குத்திவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போக எழுந்தேன்.

ஊசி திரும்பி வந்தது.

வந்துவிட்டார்! இவ்வளவு நேரம் தவிக்க விட்டாரே என்ற கோபத்தில் நான் பேசவில்லை. குத்தினேன். இரண்டு சுண்டு. ஊசி வந்தது. மறுபடி குத்தினேன். வந்தது.

மணி 4:10.

ஆறாவது தையலில்தான் கவனித்தேன். ஊசி சில்லென்றிருந்தது. நூலில் மண்... ஈரமான மண்.

ஏழாவதைக் குத்தினேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். கர்ர்... கர்ர்...

“எமில்?”



குனிந்தேன். இறக்கைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு இடைவெளி உண்டு.

கால்கள் இல்லை.

நூல் அசைந்தது. ஒரு சுண்டு...

இன்னொரு சுண்டு.

கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். ஓடினேன். வாசலில் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 4:17.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கால் ஒடிந்து கிடந்த விமானி கிளைடு சொன்னான். முப்பது மைல் தள்ளி, கோதுமை வயலில் விழுந்திருக்கிறார்கள். என்ஜினுக்கு அடியில் எமிலின் கால்கள்.

“உடனே போயிடல, வெர்னா. கண்ண மூடிக்கிட்டு கைய மட்டும் ஆட்டிட்டே கெடந்தான். குத்துறதும் இழுக்குறதுமா. நெனப்புல உன்கூட தைக்கிறான்னு விட்டுட்டேன். கடைசியா ரெண்டு தடவ சுண்டினான்... கை விழுந்துடுச்சு. என் வாட்ச்ல நாலு பதினேழு.”

தொழிற்கூடத்துக்குப் போய் இறக்கையின் மறுபக்கத்தைப் பார்த்தேன். ஆறு தையல். எல்லாம் நேர்.

இறுகியிருந்த அவர் விரல்களைப் பிரித்து எடுத்ததை ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். காதருகே நீலச் சாயம் தொட்ட ஊசி. அதில் ஒரு சாண் நூல்.

நுனி அறுந்திருக்கவில்லை. கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது.