பத்துக்கும் இல்லை

அந்தப் படிவத்தில் பத்துக் கேள்விகள் இருந்தன. ஆஸ்துமா உண்டா, மூச்சிரைப்பு உண்டா, நெஞ்சு வலி வந்ததுண்டா என்று ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். பத்துக்கும் எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தது என் கை. கீழே கையெழுத்துப் போட்டவர் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்குக் கருமத்தம்பட்டியில் எட்டு விசைத்தறிகள். கூலிக்கு நெய்து கொடுப்பார். முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்குள்ளும் பஞ்சுத் தூசிக்குள்ளும் இருந்தவர். காது மந்தம் என்பதை எல்லோரும் அறிவோம். மூச்சு விஷயத்தை அவர் மறைத்து வந்தார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். சட்டைப் பையில் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

கைபேசியில் யாரோ அனுப்பிய காணொளியில்தான் அவர் பவளப்பாறைகளைப் பார்த்தார். கடலுக்கடியில் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தவற்றின் நடுவே ஒரு மனிதன் மெதுவாக மிதந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அந்தமான் பேச்சுதான். விமானம் கட்டுப்படியாகாது. சென்னை வரை ரயில், அங்கிருந்து மூன்று நாள் கப்பல் என்று அவரே முடிவு செய்தார். மழை தொடங்கும் மாதத்தில் அறை வாடகை பாதியாம். அக்கா, அதாவது அவர் மனைவி, வழிக்குப் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் செய்வதாகச் சொன்னார். அங்கே இந்தியில் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவதற்கு முன்கூட்டியே பதிந்தால் சலுகை உண்டு. அதற்குத்தான் அந்தப் படிவம். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவச் சான்று கேட்பார்கள்.

நான் பேனாவோடு தயங்கினேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இல்லைன்னே போட்டுருங்க மாப்ள. டாக்டருகிட்டப் போனா வேண்டாம்பாருங்க. அப்புறம் நான் எப்பப் பாக்கறது?”

போட்டேன்.

கப்பலின் இரும்புப் படிகளில் அவர் நின்று நின்று ஏறியபோது அவர் பையையும் நானே வாங்கிக்கொண்டேன். தீவில் இறங்கிய அன்று வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்ணாடித் தரை போட்ட படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். மச்சான் கேட்கவில்லை. மறுநாள் காலை, எங்கள் படகில் வந்த பயிற்சியாளர் மச்சானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இந்தியில் என்னிடம் கேட்டார்: மூச்சுத் தொந்தரவு ஏதாவது உண்டா? மச்சானுக்கு இந்தி தெரியாது. ஆனால் என்ன கேட்கிறார் என்று புரிந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. ஒன்றுமில்லை என்றேன்.

இருவரும் தண்ணீருக்குள் போனார்கள். மேலே வந்த குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நானும் அக்காவும் படகில் இருந்தோம். ஐந்து நிமிடம் இருக்கும். குமிழிகள் திடீரெனக் கொத்துக் கொத்தாக வந்தன. பயிற்சியாளர் அவரை அணைத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோரம் நுரை. அக்கா மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பதினோரு நாள் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி அவர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

“உள்ள சத்தமே இல்லீங்க மாப்ள. துளி சத்தமில்ல.”

பவளத்தின் நிறத்தைப் பற்றியோ மீன்களைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. உறவினர்கள் விசாரித்தபோது, படிவத்தைத் தானே நிரப்பியதாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

ஊர் திரும்பியவர் மறுபடி தறிக்கூடத்துக்குள் போகவில்லை. தை மாதம் இறந்துபோனார். நுரையீரல் முன்பே கெட்டிருந்தது, கடல் எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் கோவை மருத்துவர். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பகல் வேளையில் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

“எனக்கும் தெரியுமுங்க தம்பி, அவருக்கு மூச்சு வாங்கறது. நான் ஒரு வார்த்த அழுத்திச் சொல்லியிருந்தா நின்னிருப்பாரு. அவரு முகத்துல அத்தன சந்தோசம். பேசாம இருந்துட்டனுங்க.”

பிறகு அவர் கீரையைத் தொடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

இப்போது அக்கா தறிகளைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். விசேஷங்களில் சந்தித்துக்கொள்கிறோம், சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டுக்கொள்கிறோம். யாராவது பயணப் பேச்சை எடுத்தால் எங்கள் இருவரில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார்.