பாம்புப் பொந்தும் சிவப்புத் துணியும்

வன்னிக்குக் குடிபெயர்வதற்கு நான் செய்த ஒரே ஆயத்தம், கொழும்புப் புறக்கோட்டையில் மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து, முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து ஒரு சோடி வாங்கியதுதான். அதை ஆனி மாத வெயிலில், ஒரு துளி மழை இல்லாத ஊரில், இரண்டு மாதம் போட்டுக்கொண்டு திரிந்தேன். கக்கூசுக்கும் போட்டுக்கொண்டுதான் போனேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வீடு நிறையப் புத்தகம். அதில் பாம்புகளைப் பற்றியே மூன்று. வினை அந்த மூன்றையும் படித்ததில் வந்தது. படிக்காதவன் கண்ட பாம்புக்குப் பயப்படுகிறான். படித்தவனுக்குக் காணாத பாம்பையும் பேர் சொல்லிப் பயப்பட முடிகிறது.

ஆனி

என் மனைவி மனோகரி கணித ஆசிரியை. தர்மபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு மாற்றம் வந்தது. நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகம் போன வருடமே மூடப்பட்டதால், எனக்கு மாற்றம் தர ஒருவரும் இருக்கவில்லை. அவளோடு ஏற்றப்பட்ட சாமான்களில் நானும் ஒன்று.

விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் லொறி புறப்பட்டது. வவுனியாவில் மத்தியானச் சாப்பாடு. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஏ ஒன்பது நேராக ஓடியது. கிளிநொச்சி தாண்டிப் பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறினோம். அதுவரை முந்நூற்று முப்பது கிலோமீற்றர் சொச்சம், இனிப் பதினைந்து. மாங்குளத்துக்கு இப்பால் ஓரிடத்தில் லொறியை நிறுத்தச் சொல்லி, மரங்களின் பக்கம் போகக் காலை வைத்தேன். சாரதி கதவால் தலையை நீட்டினான்.

“அண்ணை, தார் றோட்டை விட்டு இறங்காதேங்கோ. இதிலயே திரும்பி நிண்டு போங்கோ.”

“ஏன் தம்பி, பாம்போ?”

“பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஏத்தலாம்.”

கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு, “இப்ப எல்லாம் துப்பரவாக்கியாச்சு. எண்டாலும் பழகிப்போச்சு” என்றான். அவன் மிதிவெடியைச் சொல்கிறான் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதை உடனே மறந்தும் போனேன். என் மண்டையில் ஒரு நேரத்தில் ஒரு பயத்துக்குத்தான் இடமுண்டு. அந்தக் கதிரையில் ஏற்கெனவே பாம்பு உட்கார்ந்திருந்தது.

ஆடி

தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று இந்த ஊரைக் காயப்போடுகிறது. காலையில் கூட்டிய வீட்டுக்குள் பத்து மணிக்கு விரலால் கையெழுத்து வைக்கலாம். வளவு, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள காணி, பிஸ்கற் மாதிரி வெடித்துக் கிடந்தது. நான் பார்த்ததெல்லாம் அந்த வெடிப்புகளையும், பின்வேலி ஓரத்துப் பொந்துகளையும்தான். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ காலையும் மாலையும் வரும். அதுதான் எங்களுக்கு மணிக்கூடு.

பக்கத்து வளவில் சிவபாலனும் அவருடைய மனைவி றஞ்சியும். எங்கள் பின்வேலிக்கு அப்பால் அவர்களுடைய இரண்டு ஏக்கர் வயல். எங்கள் வேலிக்கரைப் பாதையால்தான் வயலுக்கு உழவு மெசின் இறங்கும். றஞ்சி முருங்கைக்காய்க் கட்டோடு முதல்நாள் வந்தபோதே என் காலைப் பார்த்துவிட்டாள்.

“வெள்ளம் கார்த்திகையிலதான் அண்ணை வரும். இப்பவே காவல் நிக்கிறீங்களோ?”

பாம்புக்குப் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, “தொழில் பழக்கம்” என்றேன். எந்தத் தொழிலுக்கு முழங்கால்வரை சப்பாத்து என்று அவள் கேட்கவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஆவணி

பள்ளி விடுமுறைக்குக் கொழும்பு போக முடிவாயிற்று. போவதற்கு முதல்நாள் பின்னேரம், சிவபாலன் குடும்பம் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம், எனக்கு ஒரு யோசனை வந்தது. திரும்பி வரும்போது புல் வளர்ந்து பொந்துகள் மறைந்துவிட்டால்? மனோகரியின் பையில் விளையாட்டுப் போட்டியில் மிஞ்சிய சிவப்புத் துணி இருந்தது. அதைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கம்புகளில் கட்டி, ஒவ்வொரு பொந்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாக நட்டேன். வேலியோரம் முடிந்ததும் உற்சாகம் மிஞ்சிப்போய், சிவபாலனின் வயல் வரம்பிலும் நாலைந்து நட்டேன். அயலவருக்கும் உதவட்டும் என்ற நல்லெண்ணம். அடுத்த நாள் விடியப் பெட்டிகளோடு பஸ் ஏறிவிட்டோம்.

வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, திருவிழா முடிந்து வந்த றஞ்சியின் கண்ணால் பார்க்கவேண்டும். சப்பாத்துக்காரன், “தொழில் பழக்கம்” என்றவன், பெண்சாதியையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டான். வீடு பூட்டு. பின்பக்கம் முழுக்கச் சிவப்புக் கம்பு.

ஆவணிக் கடைசியில் திரும்பி வந்தோம். பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. சந்தியிலேயே பாட்டை நிறுத்தித் திரும்பியது. வேலிக்கரைப் பாதையில் சைக்கிள் தடமே இல்லை. ஊரே எங்கள் வளவைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் மனோகரியை எல்லோரும் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்களாம். புத்தகமும் கையுமாக இருக்கிற மனிதனைக் குழப்பக்கூடாது என்று ஊர் ஒதுங்கி நிற்கிறது என நான் விளங்கிக்கொண்டேன். ஒரு கிழமைக்கும் மேலாக அந்தப் பெருமையில் இருந்தேன்.

இந்த மண்ணில் சிவப்புக் கம்பை நட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நட்டவருக்குக் காரணம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரே வேலை, விலகி நடப்பது. ஆடு கட்டுகிறவர்களும் அப்படித்தான், கிராம அலுவலரும் அப்படித்தான்.

புரட்டாசி

காற்று விழுந்துவிட்டது. வடகிழக்கில் பின்னேரங்களில் முகில் திரளத் தொடங்கியது. இங்கே காலபோக நெல்லை மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பேர். விதை மண்ணுக்குள் காத்திருக்கும். மழை வந்து எழுப்பும். மழை முந்திவிட்டால் வயல் சேறாகி மெசின் புதையும், விதைப்புப் பிந்தும், பிந்தினது கதிராகும்போது தண்ணீர் இருக்காது. எல்லா வயலிலும் மெசின் இரைந்தது. சிவபாலனின் வயல் மட்டும் சும்மா கிடந்தது.

ஒருநாள் காலை றஞ்சி வேலியடியில் நின்றாள். வேலியைத் தொடாமல் நின்றாள்.

“அண்ணை, ஒண்டு கேக்கவேணும். எங்கட வயலுக்கையும் கிடக்கெண்டு சொன்னவையோ?”

“என்ன கிடக்கு? ஆர் சொன்னது?”

“மிதிவெடி எடுக்கிற ஆக்கள். உந்தச் சப்பாத்தும், தொழில் பழக்கமும், நீங்கள் அவையளோடதானே நிண்டனீங்கள்?”

கம்புகளைத் திரும்பிப் பார்த்தேன். துணிகள் வெயிலில் வெளிறியும் சிவப்பாகத்தான் இருந்தன, மிதிவெடி கிடக்கும் இடத்துக்குக் கட்டுகிற அதே சிவப்பு.

“ஐயோ தங்கச்சி, அது பாம்புக்கு! பாம்புப் பொந்துக்கு நான் கட்டினது.”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “பாம்புக்கு ஆரேன் சிவப்புக் கட்டுவினமோ? நாங்கள் பயப்பிடுவமெண்டு மறைக்கிறீங்கள். மறைக்காதேங்கோ அண்ணை. எழும்புறதெண்டா நேரத்தோட எழும்பவேணும். எத்தினை தரம் எழும்பினனாங்கள்.”

எழும்புவது என்றால் வீட்டை விட்டுப் போவது. அவளுக்குப் பின்னால் வாசற்படியில் ஒரு பயணப்பை நின்றது. இந்தப் போகம் விதைக்காவிட்டால் சிவபாலன் வீட்டைப் பூட்டி, எல்லோரையும் செட்டிகுளத்தில் இருக்கும் தமையனிடம் கொண்டுபோகிறாராம். “இந்த வீட்டுக்கு வந்து எட்டு மழை பாத்திட்டம்” என்றாள். “இனி ஒரு இடத்தில போய் இருக்க எனக்கு ஏலாது.”

கிராம அலுவலருக்குப் போன் எடுத்தேன். “எங்கட பதிவில அந்தக் காணி துப்பரவு” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “ஆனா கம்பு நிக்குதெண்டா நான் என்னெண்டு உழச் சொல்லுறது? மேல அறிவிச்சிருக்கு. வந்து பாப்பினம்.” எப்போது என்று கேட்டேன். மழைக்குப் பிறகு என்றார்.

மெசின்காரர் யோகன் விசுவமடுவில் இருந்து வந்தார். இயந்திரத்தை றோட்டில் நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. நான் பாம்புக் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொன்னேன், மூன்று புத்தகத்தையும் சேர்த்து.

“சரி சேர்” என்றார். “நீங்கள் நட்டதெண்டா நீங்களே புடுங்குங்கோ. புடுங்கிப்போட்டு வயலுக்குள்ள ஒரு சுத்து நடவுங்கோ. பிறகு நான் இறக்கிறன்.”

“அவ்வளவுதானே!” என்றேன்.

“சப்பாத்தைக் கழட்டுங்கோ. அதைப் பாத்தாலே சனத்துக்கு வயித்தைக் கலக்குது.”

வெறுங்காலோடு முதல் கம்புக்கு முன் போய் நின்றேன். அதை என் கையால் கட்டியது எனக்குத் தெரியும். முடிச்சுகூட என் முடிச்சு. இருந்தும் கை போகவில்லை. ஊர் முழுவதும் ஒன்றரை மாதம் பயந்த பயம் அந்தக் கம்பில் ஏறி நின்றது. நான் அறியாமல் நட்ட இடத்தில் உண்மையாகவே ஒன்று இருந்தால்? பொந்து என்று நினைத்தது பொந்து இல்லை என்றால்? பதிவு துப்பரவு என்கிறது. நானும் எத்தனையோ பதிவுகளில் பிழை திருத்தினவன்.

“இஞ்சேருங்கோ, நான் புடுங்கட்டோ?” என்று வேலிக்கு இப்பால் இருந்து மனோகரி கேட்டாள்.

பிடுங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக. பிறகு வயலுக்குள் இறங்கினேன். கட்டிகள் காலைக் குத்தின. வடகிழக்கு கறுத்துக்கொண்டு வந்தது. வரம்போரம் பாதித் தூரம் போயிருப்பேன், வலக் குதிக்காலின் கீழே மண் உடைந்தது. அடியில் இரும்பு. சின்னதாக ஒரு சத்தம்.

“காலை எடுக்காதேங்கோ!” வேலியடியில் றஞ்சியோடு நின்ற சிவபாலன் கத்தினார். யோகன் இயந்திரத்தை அணைத்தார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் நடுங்கியது, நடுங்கினால் அது காலை எடுத்த கணக்கோ என்று நினைத்தேன், இன்னும் நடுங்கியது. கடவுளைக் கூப்பிடவில்லை, மனைவியைக் கூப்பிடவில்லை. அந்தப் பாம்புப் புத்தகங்களை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன். மனித மனம் அவ்வளவுதான்.

பார்த்தால் றஞ்சி வந்துகொண்டிருந்தாள். புழுதியில் பதிந்த என் காலடிகளின் மேலேயே, ஒவ்வொன்றாகத் தன் காலை வைத்து வந்தாள். “நில்லு றஞ்சி!” என்று சிவபாலன் அழுவார்போலக் கத்தினார். அவள் நிற்கவில்லை. எனக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு கையால் என் கெண்டைக்காலை இறுக்கிப் பிடித்து, மற்றக் கை விரல்களால் மண்ணை மெல்ல விலக்கினாள்.

வளைந்த தகரம். துரு. இன்னும் கொஞ்சம் மண் போனது. சைக்கிள் மட்காட்.

“உங்கடையோ?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவள் அதை இழுத்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “எங்கடை இல்லை” என்றாள். “ஆரின்ரையோ.”

மட்காட்டை வரம்பில் சாத்தி வைத்தாள். மிச்சச் சுற்றையும் நடந்தேன். யோகன் இயந்திரத்தை இறக்கினார். அன்றைக்கும் மறுநாளும் உழுது விதைத்தார்கள். மூன்றாம் நாள் மழை விழுந்தது.

கார்த்திகை

கொழும்பில் மழை என்பது குடையைத் தேடுகிற விஷயம். இங்கே அது வீட்டுக்கு வருகிற ஆள். இரணைமடுக் குளத்தின் கதவு திறக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போக, சிவபாலன் மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார். மனோகரி பள்ளிக்கூடத்துக்கு உழவு இயந்திரப் பெட்டியில் நின்றுகொண்டு போனாள். முற்றத்தில் முழங்கால் தண்ணீர். இரவெல்லாம் தவளை. கடைசியில் பாம்பும் வந்தது, குசினிக்குள், அடுப்படிக்கு. நான் கதிரையில் ஏறி, அது தண்ணீர்ப் பாம்பு, விஷமில்லை என்று புத்தகத்தில் உள்ளபடி விளக்கிக்கொண்டு நின்றேன். மனோகரி தும்புத்தடியால் அதை வெளியே தள்ளிவிட்டு, “இறங்குங்கோ, தேத்தண்ணி ஆறுது” என்றாள்.

பின்வேலிக்கு அப்பால் வயல் பச்சையாக நின்றது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வெள்ளவத்தையில் என் பயங்கள் பஸ்ஸைத் தவறவிடுவது, கரண்ட் பில், பல்லு வைத்தியர். அவை ஆளுக்கு ஆள் வேறு. இங்கே ஊருக்கே ஒரு பயம் இருக்கிறது. மழைக்கு முதல் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று. அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்திருந்தது.

மாசி

அறுவடை முடிந்து றஞ்சி புது அரிசியோடு வந்தாள். படியில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். நான் கொஞ்ச நேரம் நெல்லைப் பற்றிக் கதைத்துவிட்டு, மெதுவாகப் பேச்சை அந்த நாளுக்குக் கொண்டுபோனேன். ஒரு மனிதன் வெறுங்காலோடு நடந்து காட்டியதால்தானே எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது என்று, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னேன்.

றஞ்சி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீங்கள் நடந்ததில ஒருத்தருக்கும் ஒரு நம்பிக்கையும் வரேல்லை அண்ணை. நீங்கள் நடுங்கின நடுக்கத்தைப் பாத்தாப் பிறகுதான், இந்த மனுசன் பாம்புக்கும் சிவப்புக் கட்டக்கூடிய ஆள்தான் எண்டு நம்பினனாங்கள்.”